கண்ணில் விடும் துளி எங்கே போகிறது: ஒப்டோமெட்ரி மாணவர்களுக்கான மருந்தியல் வழிகாட்டி

மருந்தியல் என்றாலே பெயர்ப்பட்டியல் என்று பயப்படும் மாணவர்கள் அதிகம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்திருந்து மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த மாதம் கிளினிக்கில் நிற்கும்போது பாதிப் பெயர்கூட வாயில் வருவதில்லை. பெயரிலிருந்து தொடங்குவதுதான் கோளாறு. போத்தலின் முனையிலிருந்து விழுந்த துளி எந்த வழியாக, எந்த உறுப்பில், யாருடைய உடம்பில் போய்ச் சேருகிறது என்று பின்தொடர்ந்தால் பெயர்கள் தாமாக மனத்தில் தங்கும். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கில்தான் போகிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படிக்கிறவர்களை, கண் கிளினிக்குகளில் பயிற்சிக்கு நிற்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மருந்தை எழுதிக்கொடுப்பது கண் வைத்தியரின் வேலை. எந்தத் துளியை நீங்கள் விடலாம் என்பதை உங்கள் பதிவும் நிற்கிற இடத்தின் நடைமுறையும் தீர்மானிக்கும். யாருக்கு விடக்கூடாது என்பதைத் தெரிந்திருப்பதோ உங்கள் கடமை.

முதற்படி: துளியின் பாதை

ஒரு துளி என்பது ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலீற்றர். கண்ணின் மேற்பரப்பில் எந்நேரமும் இருக்கும் கண்ணீர் வெறும் 7 மைக்ரோலீற்றர்தான். கீழிமைப் பை தாங்கக்கூடியது சுமார் 30 மைக்ரோலீற்றர். ஆகவே ஒரு துளி விட்டாலே ஒரு பங்கு கன்னத்தில் வழிந்துவிடும். இரண்டு துளி விட்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைக்கும் நோயாளருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வழியாமல் மிஞ்சுவது இமையின் உள்மூலையிலுள்ள துவாரத்தால் கண்ணீர்க் கால்வாய்க்குள் இறங்கி மூக்குக்குப் போகிறது. மருந்து விட்ட சற்று நேரத்தில் தொண்டை கசப்பது அதனால்தான். மூக்கின் சளிச்சவ்வில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே உறிஞ்சப்படும் மருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கிய மாத்திரையைப் போல முதலில் ஈரலுக்குப் போய் வலுவிழந்து வருவதில்லை. கண்ணின் உள்ளே போவதோ விட்ட மருந்தில் 5 வீதத்துக்கும் குறைவு. கண்ணில் விடும் மருந்து கண்ணுக்கு மட்டும் விடும் மருந்து அல்ல என்ற உண்மை இங்கிருந்தே தொடங்குகிறது. இதை விளங்கிக்கொண்டவருக்கு இந்தப் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது.

கண்ணுக்குள் போக வேண்டிய துளி, கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தைக் (cornea) கடக்க வேண்டும். அதன் வெளிப்படை கொழுப்பில் கரைவதை விடும், நீரில் கரைவதைத் தடுக்கும். நடுப்படை நேர்மாறானது. இரண்டையும் கடக்க மருந்துக்கு இரண்டு குணமும் வேண்டும். ஃபுளோரசீன் சாயம் நீரில் கரைவது. அதனால் வெளிப்படை முழுதாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது, கீறல் உள்ள இடத்தில் மட்டும் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். பிரெட்னிசொலோன் அசிட்டேட் படலத்தை நன்றாகக் கடக்கும்; ஆனால் அது போத்தலில் தூளாக அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் முதல் கிழமை வெறும் நீர், கடைசிக் கிழமை அளவுக்கு மிஞ்சிய மருந்து.

இரண்டாம் படி: வீதக் கணக்கு

1 வீதம் என்றால் 100 மில்லிலீற்றரில் 1 கிராம். அதாவது 1 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். இந்த ஒரு வரி போதும். கண்மணியை விரிக்கும் மருந்தான 1 வீத அட்ரோபினில் ஒரு துளி, 0.05 மில்லிலீற்றர் என்று வைத்தால், 0.5 மில்லிகிராம். அவசர சிகிச்சைப் பிரிவில் இதயத்துடிப்பு ஆபத்தாகக் குறைந்துவிட்ட பெரியவருக்கு ஊசியால் ஏற்றும் முதல் அளவு 0.5 முதல் 1 மில்லிகிராம். இப்போது பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தையின் இரு கண்களிலும் அந்தத் துளியை விடுவதை நினைத்துப் பாருங்கள். கிட்டப்பார்வை கூடுவதைக் கட்டுப்படுத்த இன்று பேசப்படும் 0.01 வீத அட்ரோபின் இதில் நூறிலொரு பங்கு. போத்தலில் ஒரு பூச்சியத்தைத் தவறவிட்டு வாசிப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதும் இதனால் விளங்கும்.

கண்மணியை விரிக்கும் இன்னொரு மருந்தான 10 வீத ஃபினைல்எஃப்ரினை நீங்களே கணக்கிடுங்கள்: ஒரு துளியில் 5 மில்லிகிராம். குருதி அமுக்கம் உள்ளவருக்கும் இதய நோயாளருக்கும் அதைத் தவிர்த்து 2.5 வீதத்தைப் பாவிப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்றாம் படி: துளி விடும் கை

கையைக் கழுவுங்கள். போத்தலின் பெயர், வீதம், காலாவதித் திகதி மூன்றையும் வாய்விட்டு வாசியுங்கள். நோயாளர் தலையைச் சாய்த்து மேலே பார்க்கட்டும். சுட்டுவிரலால் கீழிமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை திறக்கும். துளி அந்தப் பைக்குள் விழ வேண்டும், கருவிழியின் நடுவில் அல்ல. நடுவில் விழுந்தால் கண் திடுக்கிட்டுச் சிமிட்டி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். போத்தல் முனை இமைமயிரில்கூடப் படக்கூடாது. விட்ட பிறகு கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூக்குக்குப் போகும் வழி அடைபடும். கண்ணுக்குள் போவது கூடும், உடம்புக்குப் போவது குறையும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது துளி முதலாவதைக் கழுவிவிடும். களிம்பு இருந்தால் அது கடைசியில்.

தொடுவில்லை அணிபவரானால் கழற்றிவிட்டுத்தான் மருந்து. மீண்டும் அணியப் பதினைந்து நிமிடமாவது போக வேண்டும். பல துளிகளில் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்புப் பொருள் மென்வில்லையில் ஊறி விழிவெண்படலத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: இரண்டு நரம்புகள்

கண்மணியைச் சுருக்கும் வட்டத்தசைக்குப் பரபரிவு (parasympathetic) நரம்பு வருகிறது. அது விடும் இரசாயனம் அசற்றைல்கோலின், அந்த இரசாயனம் போய்ப் பொருந்தும் தசையிலுள்ள வாங்கி (receptor) மஸ்கரினிக். கண்மணியை விரிக்கும் ஆரைத்தசைக்குப் பரிவு (sympathetic) நரம்பு; வாங்கி அல்ஃபா 1. கிட்டப் பார்க்கும்போது வில்லையைத் தடிக்க வைக்கும் பிசிர்த்தசையும் பரபரிவு நரம்பின் ஆட்சியில்தான். கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் கூட்டுவது பீட்டா வாங்கி, குறைப்பது அல்ஃபா 2.

இந்த ஐந்து வசனங்களை ஒரு தாளில் கண்ணின் படத்தோடு வரைந்துகொண்டால் மருந்துகள் ஒவ்வொன்றாக இடம் கண்டுகொள்ளும். மஸ்கரினிக்கை மறிப்பவை ட்ரொபிகாமைட், சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின், அட்ரோபின்: கண்மணி விரியும், கிட்டத்தில் பார்ப்பது மங்கும். அதே வாங்கியைத் தூண்டுவது பைலோகார்பின்: கண்மணி சுருங்கும், புருவத்தில் வலி வரும். அல்ஃபா 1ஐத் தூண்டுவது ஃபினைல்எஃப்ரின்: கண்மணி விரியும், ஆனால் பிசிர்த்தசையை அது தொடாததால் வாசிக்கும் திறன் கெடாது. பீட்டாவை மறிப்பது டிமோலோல், அல்ஃபா 2ஐத் தூண்டுவது பிரிமோனிடின்: இரண்டும் கண் அமுக்கத்தைக் குறைக்கும்.

நம் வேலியோரங்களில் ஊமத்தை வளர்கிறது. அதன் சாற்றில் அட்ரோபின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. வேலி துப்புரவாக்கிய கையால் கண்ணைக் கசக்கியவர் ஒரு கண்மணி மட்டும் விரிந்த நிலையில் வரலாம். மூளையில் கோளாறோ, மூன்றாம் மண்டை நரம்பு செயலிழந்ததோ என்று வீடே பதறும். நரம்புக் கோளாறானால் 1 வீதப் பைலோகார்பினுக்குக் கண்மணி சுருங்கும், ஏனெனில் வாங்கி நன்றாக இருக்கிறது. ஊமத்தையானால் வாங்கியே அடைபட்டிருக்கிறது, சுருங்காது. முடிவு எடுப்பது வைத்தியர். ஆனால் கையில் என்ன பட்டது என்று முதலில் கேட்பது நீங்களாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: கண்மணியை விரிக்கும் முன்னும் பின்னும்

நீங்கள் அதிகம் கையாளப்போவது இந்த மருந்துகளைத்தான்.

விரிக்கும் முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒழுங்கு உண்டு: பார்வைக்கூர்மை, கண்மணியின் ஒளித்தெறிவினை, முன்னறையின் ஆழம், கண் அமுக்கம். துளி விட்ட பிறகு கண்மணிச் சோதனையைச் செய்ய முடியாது. பார்வை நரம்பின் கோளாறைக் காட்டும் ஒரே தடயம் அழிந்துவிடலாம். முன்னறை என்பது விழிவெண்படலத்துக்கும் கதிராளிக்கும் (iris) இடையிலுள்ள அறை; அதன் ஆழம் குறைந்த கண்ணில், கண் நீர் வெளியேறும் கோணம் அடைபட்டு அமுக்கம் திடீரென ஏறலாம். ஸ்லிட்லாம்ப் இருந்தால் வான் ஹெரிக் முறையில் பாருங்கள். ஓரத்தில் விழிவெண்படலத்துக்கும் கதிராளிக்கும் உள்ள இடைவெளி விழிவெண்படலத் தடிப்பின் கால்பங்கு அல்லது அதிலும் குறைவாக இருந்தால் துளியை வைத்துவிட்டு வைத்தியரைக் கேளுங்கள். தலையில் அடிபட்டு வந்தவருக்கு விரிக்கவே கூடாது. அவருடைய கண்மணி அளவை மற்ற வைத்தியர்கள் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ட்ரொபிகாமைட் இருபது முப்பது நிமிடத்தில் விரிக்கும். நான்கு முதல் எட்டு மணித்தியாலத்தில் பெரும்பாலும் தெளியும். விழித்திரையைப் பார்க்க இது போதும். பிள்ளையின் கண்ணில் மறைந்திருக்கும் தூரப்பார்வையை அளக்கச் சைக்ளோபென்டோலேட் வேண்டும்: அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்தில் உச்சம், தெளிய ஒரு நாள்வரை ஆகலாம். அட்ரோபினின் தாக்கம் ஒரு கிழமையைத் தாண்டியும் நிற்கும். பாடநூல்களில் உள்ள நேரங்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். கதிராளியின் கருநிறப்பொருள் மருந்தைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும். நம்மவர்களின் கரும்பழுப்புக் கண்களில் மருந்து தாமதமாக வேலை தொடங்கி நீண்ட நேரம் நிற்கும். பொறுமையில்லாமல் இருபதாம் நிமிடத்தில், கண்ணாடி அளவைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப்பைத் தூக்கினால் பிள்ளையின் பிசிர்த்தசை இன்னும் விழித்திருக்கும், கண்ணாடி பிழைக்கும்.

பிள்ளைகளுக்குச் சைக்ளோபென்டோலேட் விட்ட பின் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு வரலாம். கைக்குழந்தைக்கு 0.5 வீதமே பாவிப்பது வழக்கம். அட்ரோபின் மிஞ்சினால் முகம் சிவக்கும், வாய் வரளும், நாடி வேகமாகும், காய்ச்சல் வரும். வியர்வையை அது நிறுத்திவிடுவதால் சித்திரை வெயிலில் ஒரு குழந்தைக்கு அந்தக் காய்ச்சல் சாதாரண விடயமல்ல. வீட்டில் விடக் கொடுத்தனுப்பும்போது இந்த அறிகுறிகளைத் தாய்க்கு எழுதிக் கொடுங்கள், உள்மூலையை அழுத்திப் பிடிப்பதைக் கையால் செய்துகாட்டுங்கள்.

விரித்த கண்ணோடு நண்பகலில் கல்லடிப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பவருக்கு வாவியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குருடாக்கிவிடும். துணைக்கு ஒருவருடன் வரச்சொல்லி முந்தின கிழமையே அறிவியுங்கள். படுவான்கரையிலிருந்து பஸ் மாறி வருகிற முதியவரிடம் வந்த பிறகு சொல்வது நியாயமில்லை.

ஆறாம் படி: மரக்கச் செய்யும் துளி

1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெயினைக் கண்ணில் விட்டு மரக்கச் செய்தார். கண் சத்திரசிகிச்சையின் போக்கே மாறியது. இன்று நாம் பாவிப்பது புரோபரகெயின் 0.5 வீதம் போன்றவை. அரை நிமிடத்துக்குள் மரத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் விடும். அமுக்கம் அளக்கவும் தூசி எடுக்கவும் மட்டும். வெல்டிங் வெளிச்சம் பட்டு இரவு முழுக்கத் துடித்த இளைஞர், “அந்தத் துளியை எனக்கு ஒரு போத்தல் தாருங்கள்” என்று கெஞ்சுவார். கொடுக்கக்கூடாது. அது புண் ஆறுவதைத் தடுத்து, வலி தெரியாமலே விழிவெண்படலத்தைக் கரைத்துவிடும். அந்தப் போத்தலை அவர் கைக்கு எட்டும் மேசையில்கூட விட்டுவைக்காதீர்கள்.

ஃபுளோரசீனுக்குத் தாள்கீற்றே நல்லது. திறந்த கரைசலில் சூடோமொனாஸ் கிருமி செழித்து வளரும்.

ஏழாம் படி: குளுக்கோமா மருந்துகளும் முழு உடம்பும்

குளுக்கோமா என்பது பெரும்பாலும் கண் அமுக்கம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய். அதற்கான டிமோலோல் 1978 முதல் அமெரிக்காவில் பாவனையில் இருக்கிறது. மலிவு, நல்ல மருந்து. ஆனால் இழுப்பு உள்ளவருக்கும், இதயத்துடிப்பு மெதுவாக உள்ளவருக்கும் அது உயிராபத்து. மூச்சுக்குழாயைத் திறந்துவைக்கும் பீட்டா வாங்கியையும் அந்த ஒரு துளி போய் மறித்துவிடும். நீரிழிவு நோயாளருக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடலாம்.

“வேறு மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா, அம்மா?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை மகள்” என்றுதான் பதில் வரும். மாத்திரை மட்டுமே மருந்து என்று அவர் நினைக்கிறார். “இழுப்புக்குப் பம்ப் அடிப்பதுண்டா? மழைக்காலத்தில் முட்டு வருமா?” என்று கேளுங்கள். அப்போதுதான் கைப்பையிலிருந்து பம்ப் வெளியே வரும்.

லட்டனோபிரொஸ்ட் இரவில் ஒரு தடவை. கண் நீர் வெளியேறும் வழியைத் திறக்கும். இமைமயிர் நீளும், கதிராளி கறுக்கும். திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியஸில், திறந்த பின் 25 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர் நண்பகல் 30 பாகையை எளிதாகத் தாண்டும். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு தெரிவுகள் உண்டு. பிரிமோனிடின் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சையே நிறுத்தலாம். டோர்சோலமைட் வாயைக் கசக்க வைக்கும். அசிட்டசோலமைட் மாத்திரை விரல் நுனிகளைக் கூசவைக்கும். சல்ஃபா ஒவ்வாமையைக் கேட்காமல் கொடுக்கும் மருந்தல்ல.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று நோயாளர்களிடம் நோன்புக்கு முன்னரே ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து குளுக்கோமாத் துளியை ஒரு மாதம் நிறுத்துபவர்கள் உண்டு. கண் துளி நோன்பை முறிக்காது என்பது பல மார்க்க அறிஞர்களின் கருத்து; மனம் ஒப்பாதவர் தமது ஆலிமிடம் கேட்கட்டும். இரவுத் துளிக்குப் பிரச்சினையே இல்லை. இருவேளைத் துளியை ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் விடலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். மருந்தை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

எட்டாம் படி: சிவந்த கண்ணும் ஸ்டீரொய்டும்

இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நம் மாவட்டங்களில் காப்பாற்றியிருக்கக்கூடிய கண்கள் இந்த இடத்தில்தான் போகின்றன.

வெள்ளாமை வெட்டு நாட்களில் வட்டையில் நெற்சுணை, வைக்கோல் துரும்பு, பதர் கண்ணில் படும். தாவரப் பொருள் கீறிய கண்ணில் ஃபியூசேரியம், அஸ்பர்கில்லஸ் போன்ற பூஞ்சணங்கள் குடியேறலாம். புண் மெதுவாக, நாள் கணக்கில் வளரும். ஓரம் இறகுபோலப் பிசிறும், அருகே குட்டிப் புண்கள் தோன்றும். இதற்கிடையில் யாரோ வீட்டில் மிஞ்சிக் கிடந்த போத்தலைக் கொடுத்துவிடுகிறார்கள்: அன்டிபயோட்டிக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்டும் கலந்த துளி. இரண்டே நாளில் சிவப்பும் வலியும் குறைகின்றன. அழற்சி அடங்கியது உண்மை. உடம்பு பூஞ்சணத்தோடு நடத்திய போரும் அதோடு அடங்கிவிட்டது. அவர் திரும்பவும் வட்டைக்குப் போகிறார். கிளினிக்குக்கு வரும்போது விழிவெண்படலம் துளைபடும் நிலையில் இருக்கிறது.

ஆகவே சிவந்த கண்ணோடு வருபவரிடம் கேளுங்கள்: கண்ணில் என்ன பட்டது, எப்போது? இதுவரை என்ன விட்டீர்கள்? போத்தலைக் கொண்டுவந்தீர்களா? தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று வீட்டில் விட்டதையும் கோபிக்காமல் கேளுங்கள். கோபித்தால் அடுத்த முறை மறைப்பார்கள். ஃபுளோரசீன் போட்டுப் பாருங்கள். மரக்கிளைபோல் பச்சை தெரிந்தால் ஹேர்பீஸ் வைரஸ். அங்கேயும் ஸ்டீரொய்டு நெருப்பில் எண்ணெய். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கண்ணைக் கட்டாமல், எதையும் விடாமல், அன்றைக்கே கண் பிரிவுக்கு அனுப்புங்கள். பூஞ்சணத்துக்கு நட்டமைசின் 5 வீதம், ஹேர்பீஸுக்கு அசைக்ளோவிர் 3 வீதக் களிம்பு என்று தெரிந்துவையுங்கள், தொடங்குவது வைத்தியர்.

ஸ்டீரொய்டு கண் அமுக்கத்தையும் ஏற்றும். பொதுமக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஓரளவு, 5 வீதமானோருக்குக் கடுமையாக. பெரும்பாலும் சில கிழமை பாவித்த பின்னர். கண்புரையும் வரும். வெப்பமான இடங்களில் ஒவ்வாமையால் வருடம் முழுவதும் கண்ணைக் கசக்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வாமைத் துளியான ஒலோபட்டடின் மெதுவாகத்தான் அடக்குகிறது, ஸ்டீரொய்டு உடனே அடக்குகிறது என்று தகப்பன் பழைய சிட்டையைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குகிறார். அந்தப் பையனின் அமுக்கத்தை அளக்காமல் அனுப்பாதீர்கள்.

வைரஸால் வரும் கண்ணோய்க்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. குளோரம்பெனிகோல் துளி குளிரில் வைக்கப்பட வேண்டும், திறந்து 28 நாளில் எறியப்பட வேண்டும்.

ஒன்பதாம் படி: வாயால் போகும் மருந்துகள்

காசநோய்க்கான எதம்பியூட்டோல் பார்வை நரம்பைத் தாக்கலாம். சிவப்பு, பச்சை நிற வேறுபாடு முதலில் மங்கும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுவின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது; ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரைச் சோதனை. வலிப்புக்கான டொபிராமேட் திடீர்க் கிட்டப்பார்வையையும் கோண அடைப்பையும் தரலாம். டம்சுலோசின் பாவிப்பவரின் கதிராளி கண்புரைச் சத்திரசிகிச்சையின்போது தொய்ந்துவிடும்; சிறுநீர்ப் பிரச்சினைக்கு மாத்திரை உண்டா என்று முதியவரிடம் கேளுங்கள். தடிமனுக்கு விழுங்கும் பிரிட்டோன்கூடக் கண்ணை உலர்த்தும்.

பத்தாம் படி: போத்தலும் கொப்பியும்

2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் விடப்பட்ட பிரெட்னிசொலோன் துளியைத் தொடர்ந்து சிலரின் பார்வை பாதிக்கப்பட்டதும், அந்த மருந்து மீளப்பெறப்பட்டதும் நாடறிந்தவை. விட்ட துளியின் தொகுதி இலக்கத்தை நோயாளரின் கோப்பில் எழுதுவது ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள்: விரிக்கும் மருந்துக்குச் சிவப்பு, சுருக்கும் மருந்துக்குப் பச்சை என்பது அமெரிக்க வழக்கம், நம்மிடம் வரும் எல்லாப் போத்தல்களும் அதைப் பின்பற்றுவதில்லை.

படிப்பதற்கு ஒரு கொப்பியை ஒதுக்குங்கள். ஒரு மருந்துக்கு ஒரு பக்கம்: எந்த வாங்கி, கண்ணில் என்ன நடக்கும், எப்போது தொடங்கி எப்போது முடியும், உடம்பில் எங்கே போகும், யாருக்குக் கூடாது. கடைசிக் கேள்வியை முதலில் நிரப்புங்கள். ட்ரொபிகாமைட், சைக்ளோபென்டோலேட், புரோபரகெயின், டிமோலோல், லட்டனோபிரொஸ்ட், டெக்சாமெதசோன் என்ற ஆறோடு தொடங்கினால் கிளினிக்கில் முதல் மாதத்தைச் சமாளிக்கலாம். பொதுப்பெயரிலேயே எழுதுங்கள், பார்மசிக்குப் பார்மசி வணிகப் பெயர் மாறும், மூலப்பொருள் மாறாது.